ஓடர் ஏன் மறுக்கப்பட்டது? சேவையகத்தின் சரிபார்ப்புப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

புறக்கோட்டை செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவர் மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பொதியை எடுக்க வரச் சொல்லி நான்கு முறை பதிந்துவிட்டேன். 'கோரிக்கை தோல்வி, 422' என்று மட்டும் காட்டுகிறது. நான் எதைத் திருத்துவது?" என்று கேட்டார். "ஐந்து நிமிடம் தாருங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, நிரலின் நிகழ்வுகள் பதியும் பதிவேட்டைத் திறந்தேன். அதிலும் அந்த ஒரு வரிதான் இருந்தது. கூரியர் சேவையின் சேவையகம் என்ன காரணத்துக்காக மறுத்தது என்பது எங்கேயும் இல்லை. கையால் அதே கோரிக்கையை அனுப்பிப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று வந்தது: பெறுநரின் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கமாக இருக்க வேண்டும். சேவையகம் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நடுவில் இருந்த கிளையன்ட் லைப்ரரி, அதாவது கடையின் சார்பில் சேவையகத்தோடு பேசும் நிரல் தொகுப்பு, அதைப் படிக்காமலே எறிந்திருக்கிறது.

இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு விடயத்தைப் பற்றியதுதான். சேவையகம் "ஏற்க முடியாது" என்று சொல்லும்போது, எந்தப் புலம் (படிவத்தில் நிரப்பும் இடம்), எந்த விதி, என்ன செய்தி என்ற மூன்றையும் பெரும்பாலும் சேர்த்தே சொல்கிறது. அவை சிதையாமல் கடைக்காரர் வரை போய்ச் சேர வேண்டும். எங்கே சிதைகிறது என்பதை அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். எடுத்துக்காட்டுகளைப் பைதனில் எழுதப்பட்ட லைப்ரரியை வைத்துச் சொல்கிறேன். மற்ற நிரல் மொழிகளில் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. லைப்ரரியை ஒதுக்கிவிட்டு, அதே கோரிக்கையைக் கர்ல் போன்ற கருவியால் நேரடியாக அனுப்புங்கள். வந்த பதிலில் நிலைக்குறியீடு (200 வெற்றி, 422 மறுப்பு என்பது போன்ற எண்), உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் 'கன்டென்ட் டைப்' ஹெடர் என்ற தலைப்பு வரி, உள்ளடக்கம் ஆகிய மூன்றையும் அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். காரணம் அந்தக் கோப்பில் இருந்தால் கோளாறு உங்கள் பக்கம். அதிலும் இல்லையென்றால் சேவையகத்தை நடத்துபவர்களிடம் பேச வேண்டியதுதான். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நிரலைத் திருத்தத் தொடங்குபவர்கள் ஒரு நாளை வீணாக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: 400 அல்லது 422 என்ற எண் மட்டும் வருகிறது, காரணம் வரவில்லை

அதிகம் காணப்படும் கோளாறு இதுதான். செட்டியார் தெருக் கடையில் நடந்ததும் இதுவே.

பைதனின் 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரியில் 'ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ்' என்ற செயற்கூறை அழைத்தால், 400க்கும் அதற்கு மேற்பட்ட நிலைக்குறியீடுகளுக்கும் எக்செப்ஷன், அதாவது நிரலின் இயல்பான ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பு, எழும். அதன் செய்தியில் நிலைக்குறியீடும் அதன் பெயரும் முகவரியும் மட்டுமே இருக்கும். சேவையகம் அனுப்பிய உள்ளடக்கம் அந்தச் செய்தியில் இராது. ஆனால் அது தொலைந்துவிடவில்லை. எக்செப்ஷனுடன் இணைந்துள்ள 'ரெஸ்பான்ஸ்' என்ற பண்பில் முழுமையாக இருக்கிறது. எக்செப்ஷனைப் பிடித்த இடத்தில் அதன் செய்தியை மட்டும் பதிந்துவிட்டு நகர்வதுதான் தவறு.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் "எக்செப்ஷனில் ரெஸ்பான்ஸ் இருந்தால் அதைப் படி" என்ற பொருளில் வெறும் 'இஃப்' நிபந்தனை ஒன்றை எழுதுகிறார்கள். ரிக்வெஸ்ட்ஸில் ஒரு பதிலை இப்படி உண்மையா பொய்யா என்று கேட்டால், 'வெற்றியா தோல்வியா' என்ற கேள்விக்கான விடைதான் கிடைக்கும். 422 தோல்வி என்பதால் விடை 'பொய்' ஆகிறது. பதில் கையில் இருக்கும்போதே "பதில் இல்லை" என்று நிரல் முடிவு செய்துவிடுகிறது. 'நன்' (பைதனில் 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் மதிப்பு) அல்ல என்று வெளிப்படையாகச் சோதிப்பதே சரி. ஒரு சொல்லை மாற்றினால் தீரும் கோளாறு. ஆனாலும் கண்ணில் படுவதற்கு மணிக்கணக்காகும், ஏனென்றால் அந்த வரி படிப்பதற்குச் சரியாகவே தெரியும்.

ஜாவாவில் பழைய 'எச்டிடிபி யுஆர்எல் கனெக்ஷன்' வகுப்பைப் பயன்படுத்தினால், 400க்கும் அதற்கு மேற்பட்ட பதில்களுக்கும் வழமையான உள்ளீட்டு ஓடையைத் திறக்கும்போதே எக்செப்ஷன் எழும். பிழைக்கான ஓடை தனியே இருக்கிறது, அதைத்தான் படிக்க வேண்டும். டொட்நெட்டில் 'என்ஷூர் சக்சஸ் ஸ்டேட்டஸ் கோட்' எழுப்பும் எக்செப்ஷனில் உள்ளடக்கம் இருக்காது. அதை அழைப்பதற்கு முன்பே உள்ளடக்கத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் 'ஆக்சியோஸ்' உள்ளடக்கத்தைப் பிழையோடு சேர்த்தே தருகிறது.

சரியான தீர்வு, லைப்ரரிக்குள் சரிபார்ப்புப் பிழைக்கென்று தனி எக்செப்ஷன் வகுப்பு ஒன்றை வைப்பது. அதில் நிலைக்குறியீடு, பிழைகளின் பட்டியல், மூல உள்ளடக்கம், சேவையகம் தந்தால் கோரிக்கையின் அடையாள இலக்கம் ஆகிய நான்கும் இருக்கட்டும். இந்த இலக்கத்தைச் சிலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். கூரியர் சேவையின் தொழில்நுட்பக் குழுவிடம் பேசும்போது "நேற்று மாலை ஒரு பிழை வந்தது" என்று சொல்வதற்கும், இலக்கத்தைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மூல உள்ளடக்கத்தைப் பதிவேட்டில் எழுதும்போது ஓர் எச்சரிக்கை. சில சேவையகங்கள் பிழையோடு நீங்கள் அனுப்பிய மதிப்பையும் திருப்பி அனுப்புகின்றன. பைடான்டிக் என்ற சரிபார்ப்பு லைப்ரரியின் இரண்டாம் பதிப்போடு இயங்கும் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற சேவையகக் கட்டமைப்பு அப்படித்தான் செய்கிறது. தேசிய அடையாள அட்டை இலக்கமும் கைத்தொலைபேசி இலக்கமும் உங்கள் பதிவேட்டில் திறந்த நிலையில் கிடக்கும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளரின் அட்டை இலக்கத்தைப் பதிவேட்டில் விட்டுவைப்பது முறையல்ல. எழுதும் முன் அந்தப் புலங்களை மறைத்துவிடுங்கள்.

அறிகுறி: பதில் 200, பிழை எதுவும் இல்லை, ஆனால் ஓடர் பதிவாகவில்லை

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகவும் ஏமாற்றுவது திசைதிருப்பல். லாராவெல் என்ற கட்டமைப்பில் எழுதப்பட்ட சேவையகம், கேட்பவர் ஜேசன் (நிரல்கள் தரவைப் பரிமாறும் உரை வடிவம்) எதிர்பார்க்கிறார் என்று 'அக்செப்ட்' ஹெடர் சொல்லாவிட்டால், கேட்பது ஓர் உலாவி என்று எடுத்துக்கொள்கிறது. சரிபார்ப்பு தோற்றதும் 422 அனுப்பாமல், முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போ என்று 302 அனுப்புகிறது. ரிக்வெஸ்ட்ஸ் அதைத் தானாகவே பின்தொடர்கிறது, அதுவும் தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை, பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும் கெட் ஆக மாற்றிக்கொண்டு. கடைசியில் ஏதோ ஒரு எச்டிஎம்எல் பக்கம் 200 என்ற குறியீட்டோடு வந்து நிற்கிறது. லைப்ரரி மகிழ்ச்சியோடு "வெற்றி" என்கிறது.

சோதிக்கும் வழி எளிது. ரிக்வெஸ்ட்ஸ் தரும் பதிலில் 'ஹிஸ்டரி' என்ற பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இல்லையென்றால் வழியில் எங்கோ திரும்பியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் ஜேசன் வேண்டும் என்று அக்செப்ட் ஹெடரில் சொல்லுங்கள். தரவை எழுதும் கோரிக்கைகளுக்குத் தானியங்கித் திசைதிருப்பலை நிறுத்திவிடுங்கள். நிறுத்தினால் சில இடங்களில் புதிய பிழைகள் வெளிப்படும். அவை அதுவரை மறைந்திருந்தவை, ஆகவே வெளிப்படுவதே நல்லது.

இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்ட்டின் 'ஃபெட்ச்'. வலையமைப்பு துண்டிப்பது போன்றவற்றால் பதிலே கிடைக்காவிட்டால்தான் அது தோல்வி என்கிறது. 422 வந்தாலும் 500 வந்தாலும் அதன் பார்வையில் பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். பதிலின் 'ஓகே' பண்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கோ மொழியின் எச்டிடிபி கிளையன்ட்டும் இப்படியே.

மூன்றாவது, 200 என்ற குறியீட்டுக்குள்ளேயே பிழையை வைத்து அனுப்பும் சேவைகள். கிராஃப்க்யூஎல் என்ற வினவல் மொழியில் இயங்கும் சேவைகளில் இது வழமை. அங்கே உள்ளடக்கத்தில் பிழைப் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெற்றி என்று முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: எல்லாப் புலங்களும் கட்டாயம் என்கிறது, நான் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன்

ஒரே ஒரு புலம் இல்லை என்றால் தரவில் கோளாறு. எல்லாப் புலங்களும் இல்லை என்றால், சேவையகம் உங்கள் தரவைப் படிக்கவே இல்லை. ரிக்வெஸ்ட்ஸில் 'ஜேசன்' என்ற அளவுருவுக்குப் பதிலாக 'டேட்டா' என்ற அளவுருவில் அகராதியை (பெயரும் மதிப்புமாக அடுக்கிய தரவை) கொடுத்திருப்பீர்கள். அது படிவ வடிவில் போகும். ஜேசனை எதிர்பார்க்கும் சேவையகத்துக்கு அது வெறுமையாகத் தெரியும், அல்லது 415 (இந்த வகைத் தரவை ஏற்பதில்லை) என்று மறுக்கும்.

அது சரியாக இருந்தால் முகவரியைப் பாருங்கள். 'எச்டிடிபி' என்று எழுதியிருந்து சேவையகம் 'எச்டிடிபிஎஸ்' முகவரிக்கு 301 மூலம் அனுப்பினால், முன்பு சொன்னபடியே போஸ்ட் கெட் ஆகிவிடும், உள்ளடக்கம் வழியிலேயே விழுந்துவிடும். 307, 308 ஆகிய குறியீடுகள் மட்டுமே முறையையும் உள்ளடக்கத்தையும் காப்பாற்றுகின்றன.

அறிகுறி: பிழையைப் படிக்கும் நிரலே உடைந்து விழுகிறது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சரிபார்ப்புப் பிழையின் வடிவம் சேவைக்குச் சேவை மாறுகிறது. ஒரு வடிவத்தை மட்டும் நம்பி எழுதிய நிரல், பிழை வரும் நேரத்தில் வேறொரு பிழையைக் கிளப்பி முதற்பிழையை மூடிவிடுகிறது.

சேவையகம் எழுதப் பயன்படும் கட்டமைப்புகள் சிலவற்றைப் பாருங்கள். ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் 400 அனுப்புகிறது. புலத்தின் பெயருக்கு எதிரே செய்திகளின் பட்டியல் இருக்கும். எந்தத் தனிப் புலத்தையும் சாராத பிழைகள் 'நான் ஃபீல்ட் எரர்ஸ்' என்ற பெயரின் கீழ் வரும். பல பதிவுகளை ஒரே முறையில் அனுப்பினால், பதிவுக்கு ஒன்றாகப் பட்டியல் வரும். சரியான பதிவுகளின் இடத்தில் வெற்று அகராதி இருக்கும். அந்த வெறுமைக்கும் பொருள் உண்டு. அதை வடிகட்டி எறிந்தால் எந்தப் பதிவில் பிழை என்ற கணக்கே தவறிப்போகும். ஃபாஸ்ட்ஏபிஐ 422 அனுப்புகிறது. அதன் 'டீடெய்ல்' புலம் சரிபார்ப்புப் பிழைக்குப் பட்டியலாகவும், நிரலாளர் தாமே எழுப்பிய பிழைக்குப் பெரும்பாலும் வெறும் சரமாகவும் (எழுத்துகளின் தொடராகவும்) வரும். பட்டியல் என்று நம்பி வலம் வரும் நிரல், சரம் வந்தால் அதை எழுத்தெழுத்தாகப் பிரித்து "பிழைகள்" என்று காட்டும். திரையில் ஓரெழுத்துப் பிழைகள் வரிசையாக நின்றால் காரணம் இதுதான். ரெய்ல்ஸ், முழுப் பதிவுக்கும் உரிய பிழைகளைப் 'பேஸ்' என்ற பெயரின் கீழ் வைக்கிறது. ஏஎஸ்பி.நெட் கோர் 400 அனுப்பி 'எரர்ஸ்' அகராதியைத் தருகிறது.

இந்தக் கலவையை ஒழுங்குபடுத்த ஒரு பொது வடிவம் இருக்கிறது. ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தரநிலை ஆவண வரிசையில் 2016 இல் ஆர்எஃப்சி 7807 ஆக வந்து, 2023 இல் ஆர்எஃப்சி 9457 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. பிழையின் வகை, தலைப்பு, நிலை, விவரம், நிகழ்வு என்ற ஐந்து புலங்களை அது வரையறுக்கிறது. மேலதிகப் புலங்களைச் சேர்க்கவும் இடம் விடுகிறது. பிழைகளின் பட்டியலை எப்படிச் சேர்க்கலாம் என்பதற்கு அந்த ஆவணத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. புலப் பெயர்களைப் புரிதலுக்காகத் தமிழில் எழுதினால் அது இப்படி இருக்கும்:

{
  "தலைப்பு": "கோரிக்கையில் பிழைகள் உள்ளன",
  "நிலை": 422,
  "பிழைகள்": [
    { "இடம்": "#/பொதிகள்/2/எடை",
      "குறி": "மிகை",
      "செய்தி": "எடை 30 கிலோவைத் தாண்டக் கூடாது" }
  ]
}

இங்கே 'இடம்' என்பதில் உள்ள 2, மூன்றாவது பொதியைக் குறிக்கிறது, ஏனென்றால் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது. கடைக்காரருக்குக் காட்டும்போது ஒன்றைக் கூட்டிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் இரண்டாவது பொதியை அவிழ்த்து நிறுத்துப் பார்ப்பார்.

உங்கள் லைப்ரரி செய்ய வேண்டியது, வரும் எல்லா வடிவங்களையும் 'இடம், குறி, செய்தி' என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றுவது. மாற்றும் செயற்கூறு எந்த நிலையிலும் எக்செப்ஷன் எழுப்பக் கூடாது. புரியாத வடிவம் வந்தால், இடத்தை வெறுமையாக விட்டு, மூல உள்ளடக்கத்தையே செய்தியாகக் கொடுக்கட்டும். ஜேசனே இல்லாமல் எச்டிஎம்எல் வரவும் கூடும். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகம் முன்னால் நின்றால், அதன் இயல்பு வரம்பான 1 மெகாபைட்டைத் தாண்டிய கோரிக்கையை உள்ளே இருக்கும் சேவையகம் பார்ப்பதற்கு முன்பே 413 என்று எச்டிஎம்எல் பக்கத்தோடு மறுத்துவிடும். ஆகவே உள்ளடக்கத்தை முதலில் உரையாகப் படியுங்கள், பிறகு ஜேசனாக மாற்ற முயலுங்கள். ஃபெட்சில் இது இன்னும் முக்கியம். அங்கே உள்ளடக்கத்தை ஒரு முறைதான் படிக்க முடியும். ஜேசன் என்று படிக்க முயன்று தோற்ற பிறகு உரையாகப் படிக்கக் கேட்டால் கிடைக்காது.

புலப் பெயர்களிலும் ஒரு சிக்கல் வரும். சேவையகத்தில் ஒரு பெயர், லைப்ரரியில் வேறு பெயர் என்று வைத்திருந்தால், அனுப்பும்போது பெயரை மாற்றுகிறீர்கள். பிழை திரும்பும்போதும் எதிர்த்திசையில் மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். எந்தப் புலத்தோடும் பொருந்தாத பிழை வந்தால் அதைப் பொதுப் பிழையாகவாவது காட்டுங்கள். படிவத்தில் இடமில்லை என்பதற்காக ஒரு பிழையை விழுங்கிவிட்டால், பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்காத திரைதான் மிஞ்சும்.

அறிகுறி: பெரும்பாலான ஓடர்கள் போகின்றன, சிலருடையவை மட்டும் மறுக்கப்படுகின்றன

கொழும்பின் தரவோடு வேலை செய்யும் எவருக்கும் இந்தப் பகுதி தேவைப்படும். மறுக்கப்பட்ட பத்துப் பதிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பொதுவான ஒன்று கண்ணில் படும்.

செட்டியார் தெருக் கடைக்காரரின் பொதி வெள்ளவத்தைக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளவத்தையின் அஞ்சல் குறியீடு 00600. அதை லைப்ரரி ஓர் எண்ணாக வைத்திருந்தது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியங்களுக்கு மதிப்பில்லை, எனவே 600 என்று போயிற்று. கண்டிக்குப் போகும் பொதி ஒன்றும் இதனால் மறுக்கப்படவில்லை, ஏனென்றால் 20000 எண்ணாக இருந்தாலும் ஐந்து இலக்கம்தான். கொழும்பு நகருக்குள் போகும் பொதிகள் மட்டும் நின்றன. அஞ்சல் குறியீடு, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைக் கொண்டு யாரும் கூட்டல் கழித்தல் செய்வதில்லை. அவற்றை எப்போதும் சரமாகவே வையுங்கள். விரிதாளிலிருந்து ஏற்றப்படும் தரவில் சுழியங்கள் அங்கேயே விழுந்திருக்கின்றனவா என்பதையும் சோதியுங்கள்.

தொலைபேசி இலக்கம் மறுக்கப்பட்டால், வடிவம் எது என்று பாருங்கள். உள்ளூரில் சுழியத்தில் தொடங்கும் 10 இலக்கங்கள். நாட்டுக் குறியோடு எழுதினால் +94 க்குப் பின் 9 இலக்கங்கள். +940 என்று தொடங்கும் இலக்கங்கள் வருமானால் யாரோ சுழியத்தை நீக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். இலக்கத்தை இணைய முகவரியின் தேடல் பகுதியில் அனுப்புகிறீர்கள் என்றால், கூட்டல் குறியைக் குறியேற்றம் செய்யாவிட்டால் அது இடைவெளியாகவே படிக்கப்படும். சேவையகம் திருப்பிச் சொல்லும் மதிப்பில் 94க்கு முன்னால் ஓர் இடைவெளி தெரிந்தால் இதுதான் காரணம்.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்" என்று சேவையகம் மறுக்கிறது, பெயரில் எழுத்துகளைத் தவிர வேறெதுவும் இல்லை. யுனிகோடு வகைப்பாட்டில் 'க' ஓர் எழுத்து. ஆனால் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் 'குறி' என்ற வேறு வகையில் அடங்குகின்றன. எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் ஒழுங்குமுறைக் கோவை (உரையின் வடிவத்தைச் சோதிக்கும் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்'), புள்ளியோ கொம்போ காலோ உள்ள எந்தப் பெயரையும் மறுக்கும். அதாவது ஏறக்குறைய எல்லாத் தமிழ்ப் பெயர்களையும், சிங்களப் பெயர்களையும். இதை லைப்ரரியில் சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் கூடாது. பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றி அனுப்பி வேலையை முடிக்கும் குறுக்கு வழியை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒருவருடைய பெயரை அவர் எழுதியபடியே கொண்டுபோவதுதான் நியாயம். எழுத்து வகையோடு குறி வகையையும் அனுமதிக்குமாறு சேவையகத்தை நடத்துபவர்களுக்கு எழுதுங்கள், சேமித்த மூலப் பதிலையும் இணையுங்கள். அவர்கள் பக்கத்தில் அது ஒரு வரித் திருத்தம்.

நீளமும் இப்படியே. "ஆகக் கூடியது 20" என்றால் எதில் 20? 'கொழும்பு' என்பதை நாம் நான்கு எழுத்து என்கிறோம். யுனிகோடு குறியீடுகளாக எண்ணினால் எட்டு. யுடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணினால் 24. உங்கள் படிவம் எழுத்தை எண்ணி அனுமதிக்க, சேவையகம் பைட்டை எண்ணி மறுக்கலாம். இன்னொன்று, 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பிரித்தால் எட்டு ஒன்பதாகிவிடும். "இந்த நகரம் பட்டியலில் இல்லை" என்று சேவையகம் சொல்லி, பட்டியலில் அந்த நகரம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், இந்த வேறுபாட்டைச் சந்தேகியுங்கள். அனுப்பும் முன் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற யுனிகோடின் ஒன்றுசேர்த்த வடிவத்துக்கு மாற்றுவது இதைத் தீர்க்கும். பொருள் மாறாத மாற்றம் இது, ஆகவே லைப்ரரி தயங்காமல் செய்யலாம்.

குடும்பப் பெயர் கட்டாயம் என்று மறுக்கும் சேவைகளும் உண்டு. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்பவருக்குக் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இல்லை. ஒரு புள்ளியையோ கோட்டையோ போட்டு லைப்ரரி தானாக நிரப்பினால், அது பொதியின் மேல் அச்சாகிக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். பிழையைப் படிவத்துக்கே கொண்டுபோய், அந்தப் புலத்தில் எதை எழுதுவது என்று அவரையே முடிவு செய்யவிடுங்கள்.

அறிகுறி: சரிபார்ப்புப் பிழை வருகிறது, ஆனால் சேவையகத்துக்குக் கோரிக்கையே போகவில்லை

மறுத்தது உங்கள் லைப்ரரி. யாரோ ஒரு காலத்தில் சேவையகத்தின் விதியைப் பார்த்து அப்படியே லைப்ரரியிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் நல்ல எடுத்துக்காட்டு. முன்பு 9 இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள். சேவையகம் இரண்டையும் ஏற்கத் தொடங்கிவிட்டது. பழைய விதியோடு நிற்கும் லைப்ரரி, புதிய அட்டை வைத்திருக்கும் இளைஞர்களை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

என் நிலைப்பாடு உறுதியானது. லைப்ரரி தரவு வகையை மட்டும் சோதிக்கட்டும். வடிவம், நீளம், வரம்பு ஆகிய விதிகள் சேவையகத்துக்கே உரியவை. பயனருக்கு உடனே சொல்ல வேண்டும் என்றால் அந்தச் சோதனையைப் படிவத்தில் எச்சரிக்கையாக வையுங்கள், தடையாக வேண்டாம்.

அறிகுறி: "இந்த ஓடர் இலக்கம் ஏற்கெனவே உள்ளது" என்கிறது, நான் ஒரு முறைதான் அனுப்பினேன்

நீங்கள் ஒரு முறைதான் அனுப்பினீர்கள், லைப்ரரி இரண்டு முறை அனுப்பியது. முதற்கோரிக்கை சேவையகத்தில் பதிவாகிவிட்டது. அதன் பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது. லைப்ரரி மறுமுயற்சி செய்தது. இரண்டாம் முறை சேவையகம் சொன்னது உண்மை, அந்த இலக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கடைக்காரருக்குத் தோல்வி என்று காட்டுகிறீர்கள். அவர் இலக்கத்தை மாற்றி மறுபடி பதிகிறார். ஒரு பொதிக்கு இரண்டு வண்டிகள் வருகின்றன.

ஒரே கோரிக்கை இரு முறை வந்தாலும் ஒரு முறையே பதியச் செய்யும் ஒருமைத் திறவுகோலை ('ஐடெம்பொட்டன்சி கீ') சேவை ஏற்குமானால், ஒவ்வோர் ஓடருக்கும் ஒன்றை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே திறவுகோலை அனுப்புங்கள். ஏற்காவிட்டால், மறுமுயற்சியில் இந்தப் பிழை வந்தால் உடனே தோல்வி என்று சொல்லாமல், அந்த இலக்கத்தின் பதிவை எடுத்து நீங்கள் அனுப்பியதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் அது வெற்றி.

இதோடு சேர்த்து மறுமுயற்சிப் பட்டியலையும் பாருங்கள். 429, 502, 503, 504 ஆகியவை நெரிசலையோ தற்காலிகக் கோளாறையோ குறிப்பவை. அவற்றுக்கு, சேவையகம் 'ரிட்ரை ஆஃப்டர்' ஹெடரில் சொன்ன நேரம் காத்திருந்து முயலலாம். 400க்கும் 422க்கும் மறுமுயற்சி கூடவே கூடாது. தவறான தரவு பத்து முறை அனுப்பினாலும் தவறுதான்.

அறிகுறி: மொழியை மாற்றியதும் பிழை கையாளல் நின்றுவிட்டது

செய்தியில் ஒரு குறிப்பிட்ட ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று தேடி முடிவெடுக்கும் வரி எங்கோ இருக்கிறது. 'அக்செப்ட் லாங்குவேஜ்' ஹெடரில் தமிழோ சிங்களமோ கேட்டவுடன் செய்தி மாறிவிட்டது. முடிவை, முன்பு சொன்ன 'இடம், குறி, செய்தி' மூன்றில் உள்ள குறியை வைத்து எடுங்கள். செய்தி மனிதர் படிப்பதற்கு.

அறிகுறி: பகலில் எதுவும் இல்லை, நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் திகதிப் பிழை

"பற்றுச்சீட்டின் திகதி எதிர்காலத்தில் இருக்கக் கூடாது" என்ற பிழை வருகிறது, திகதியோ இன்றையது. பிழை வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாமே நள்ளிரவு 12க்கும் காலை 5.30க்கும் இடையில் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. இலங்கை நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. கடையை அடைத்து நள்ளிரவு கடந்து கணக்குப் பதிபவருக்கு 15 ஆம் திகதி பிறந்துவிட்டது. யுடிசியில் இயங்கும் சேவையகத்துக்கு இன்னும் 14 ஆம் திகதிதான்.

லைப்ரரியில் ஒரு நாளைக் கழித்து அனுப்பிப் பிழையை அடக்கிவிடாதீர்கள். பற்றுச்சீட்டில் தவறான திகதி நிரந்தரமாக ஏறிவிடும். அந்தப் புலம் நேரத்தையும் ஏற்குமானால், +05:30 என்ற வேறுபாட்டோடு முழு நேரத்தையும் அனுப்புங்கள். திகதி மட்டும்தான் என்றால், "இன்று" என்பதை எந்த நேர வலயத்தில் கணிக்கிறீர்கள் என்று சேவையகத்தை நடத்துபவர்களிடம் கேட்டு, கொழும்பு நேரத்தில் கணிக்கச் செய்யுங்கள்.

பழைய பதிவுகளை ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இலங்கையின் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஆறரை மணித்தியாலத்துக்கு முன்னகர்ந்தது, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணித்தியாலமானது, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. ஐந்தரை என்று நிரலில் நிலையாக எழுதிவைத்தால் அந்தப் பத்தாண்டுப் பதிவுகளில் நள்ளிரவை ஒட்டியவை பக்கத்து நாளுக்குத் தாவும். நேர வலயத் தரவுத்தளத்தின் 'ஏசியா கொலம்போ' என்ற பெயரைப் பயன்படுத்தினால் இந்த மாற்றங்களை அதுவே கவனித்துக்கொள்ளும்.

திருத்திய பிறகு, நிரலின் கடிகாரத்தைக் கொழும்பு நேரம் 00.10, 05.29, 05.31 ஆகிய மூன்றிலும் நிறுத்தி அதே பற்றுச்சீட்டை அனுப்பிப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டும்.